மத்தாப்பு நாட்டில் ஒரு மீன் குளம்

சிவகாசிக்குப் போகிறேன் என்று காரியாலயத்தில் சொன்னதுதான் தாமதம், ஏழெட்டுப் பேர் சீட்டும் கையுமாக வந்து நின்றுவிட்டார்கள். "ஐந்து பெட்டி கம்பி மத்தாப்பு", "புஸ்வாணம் பெரிய சைஸ்", "குழந்தைக்குச் சாட்டை" என்று ஜாபிதா நீண்டது. தீபாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! ரயிலில் பட்டாசு கொண்டு வருவது குற்றம் என்று சொல்லிச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பட்டாசு இல்லையென்றால் சிவகாசிக்கு எதற்கு?" என்றார் ஒருவர்.

"மீன் பார்க்க" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பிரயாணத்தைப் பற்றி உங்களுக்கு எழுதியே தீருவது என்று நிச்சயம் செய்துகொண்டேன்.

இரவு ரயிலில் புறப்பட்டு விடியற்காலையில் விருதுநகரில் இறங்கினோம். 'இறங்கினோம்' என்று சொல்வது, எங்கள் புகைப்பட நிபுணரையும் சேர்த்து. அவருக்கு மீனிலும் நாட்டமில்லை, மத்தாப்பிலும் நாட்டமில்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்காகவே கிளம்பி வந்தவர். "இந்நேரத்துக்குப் பரோட்டாவா? சாயங்காலம் வாங்க சார்!" என்று கடைக்காரர் ஒருவர் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. இட்டிலி தின்றுவிட்டுக் காமராஜர் பிறந்து வளர்ந்த அந்தச் சின்னஞ்சிறு வீட்டைப் பார்த்தோம். 1903-ல் அவர் பிறந்தபோது இந்த ஊருக்குப் பெயர் விருதுபட்டி. எண்ணெயும் பருப்பும் மிளகாய் வற்றலும் கைமாறும் வியாபார ஊர். கடலைப் புண்ணாக்கின் வாசனை சில தெருக்களில் இன்னும் நம்மோடு கூடவே நடந்து வருகிறது. அந்தப் புண்ணாக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குக் கௌசிகா நதி என்று அழகான பெயர். பெயரைப் பார்த்து ஆசையோடு பாலத்தின் மேல் நின்றேன். நதியைக் காணோம். ஆகாயத் தாமரை மண்டிக் கிடந்தது. அதன் அடியில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. வீட்டுச் சாக்கடை எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேருகிறது. அந்தத் தண்ணீர் அப்படியே போய்க் குல்லூர்சந்தை நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. பாலத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "நாங்க சின்னப் பிள்ளையில இதுல குளிச்சிருக்கோம் தாயி. ஊத்துத் தோண்டிக் குடிச்சிருக்கோம்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டு பக்கமும் கரிசல். அதில் சீமைக் கருவேலம். நடுநடுவே, ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. அறையைப் பார்த்து ரசித்தவளுக்குக் காரணம் தெரிந்ததும் வயிற்றில் ஏதோ செய்தது.

சிவகாசியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மழை பொய்த்த ஊர். பிழைக்க வழி தேடி 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மறு வருஷமே இங்கே தொழில் ஆரம்பமாயிற்று. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அச்சுத் தொழில் வந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் பெரும்பாலும் இந்த ஊரில்தான் பிறந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மூலதனம் வெயில். ஒட்டிய காகிதம் காய வேண்டும், உருட்டிய குழல் காய வேண்டும், மருந்து ஈரம் படாமல் இருக்க வேண்டும். ஆகவே வானத்தில் மேகம் கறுத்தால் மற்ற ஊர்க்காரர்கள் மகிழ்வார்கள். சிவகாசிக்காரர்கள் காயப் போட்டதை அள்ளுவார்கள்.

நாங்கள் போன அன்றைக்கு மேகம் கறுத்துத்தான் இருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. இரண்டு நாளாக வெயிலே இல்லை என்றார்கள்.

சிவகாசியில் நான் முதலில் தேடிப் போனது ஓய்வு பெற்ற ஒரு ரசாயனப் பேராசிரியரை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். வாசலில் இரண்டு சிமெண்டுத் தொட்டி, தொட்டியில் மீன், மேஜையில் கண்ணாடிக் குப்பிகள். மீன் விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே!

"முதலில் ஒரு கணக்கு" என்றார். "நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி சூட்டில், ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து எவ்வளவு பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும் தெரியுமா? ஏழரை மில்லிகிராம்! மீன் பாவம் அந்த ஏழரையில் குடித்தனம் நடத்துகிறது."

ஐந்து இருந்தால் மீனுக்குச் சௌகரியமாம். மூன்றுக்குக் கீழே போனால் திணறலாம். ஒன்றுக்குப் போனால் விடிவதற்குள் பலதும் மிதக்குமாம்.

"அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீரைப் பார்த்தால் தெரியாதே?"

தெரியும்படி செய்து காட்டினார். தொட்டித் தண்ணீரை ஒரு குப்பியில் குமிழி படாமல் பிடித்தார். மாங்கனீஸ் உப்புக் கரைசல் சில சொட்டு, காரமும் அயோடைடும் கலந்த கரைசல் சில சொட்டு. தெளிந்த தண்ணீருக்குள் பழுப்பு நிறமாய்த் திரி திரியாக ஏதோ இறங்கியது. "இந்தப் பழுப்புத்தான் பிராணவாயு இருந்ததற்குச் சாட்சி. பிராணவாயுவே இல்லாத தண்ணீர் என்றால் வெள்ளையாகத் திரியும்." பிறகு அமிலம் விட்டார், தேயிலை நிறமாயிற்று. அதில் கொஞ்சம் கஞ்சி. ஆமாம், நீங்கள் புடவைக்குப் போடுகிறீர்களே, அந்தக் கஞ்சிதான்! குப்பி முழுவதும் மயில் கழுத்து நீலமாக மாறியது. இன்னொரு கரைசலை மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். ஒரு சொட்டில் நீலம் மாயமாய் மறைந்தது. எத்தனை சொட்டு விட்டோம் என்று கணக்குப் பார்த்தால் பிராணவாயு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 1888-ல் புடாபெஸ்டு நகரத்து விங்க்ளர் என்ற இளைஞர் கண்டுபிடித்த முறை. இன்றைக்கும் எந்த மின்சாரக் கருவி சரியாகச் சொல்கிறது, எது பொய் சொல்கிறது என்று பரீட்சை செய்வதற்கு இதையே பயன்படுத்துகிறார்கள்.

அவரிடம் நான் கேட்க நினைத்துத் தயங்கிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்டுவிட்டேன். "இத்தனை வெடி மருந்துக்கு நடுவில் இந்த மண்ணின் தண்ணீர் எப்படி இருக்கிறது?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேடிக்கை பாருங்கள். பட்டாசு வெடிப்பதற்கும் பிராணவாயு வேண்டும். அதை உப்பில் அடைத்துத்தான் குழலுக்குள் வைக்கிறோம். பெர்குளோரேட் என்று ஓர் உப்பு. ஒரு குளோரினைச் சுற்றி நான்கு பிராணவாயு அணுக்கள். ஆனால் அது தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு அதில் ஒரு மூச்சுகூடக் கிடைக்காது. மண்ணில் ஒட்டாது, ஆவியாகவும் போகாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும்."

ஜப்பான் விஞ்ஞானிகளும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து தென்னிந்தியப் பட்டாசுத் தொழிற்பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்து, அதில் இந்த உப்பு கலந்திருப்பதை 2013-ல் வெளியிட்டார்கள். உடம்பில் அயோடினைத் தைராய்டு சுரப்பி எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பது இதன் குணம். மீனுக்கும் தவளைக்கும்கூடத் தைராய்டு உண்டு. தலைப்பிரட்டை தவளையாவதே அந்தச் சுரப்பியின் தயவில்தான்.

"காய்ச்சிக் குடித்தால்?" என்று கேட்டேன். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து!

"காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் கூடத்தான் செய்யும்" என்றார். "கிருமிக்குத்தான் கொதி நீர். இதற்குச் சோதனைக்கூடம் வேண்டும், தனி வடிகட்டி வேண்டும்."

பேரியம் உப்பைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, அதன் பிறகு வந்த பசுமைப் பட்டாசு என்று பேச்சு வளர்ந்தது. அதை எழுதினால் அது வேறு கட்டுரை. நாம் மீனுக்கு வருவோம்.

பேராசிரியர் ஒரு விலாசம் கொடுத்தார். "வெம்பக்கோட்டைச் சாலையில் போங்கள். அங்கே ஓர் அம்மாள் இருக்கிறார். நான் புத்தகத்தில் படித்ததை அவர் தண்ணீரில் படித்தவர்."

வெம்பக்கோட்டை என்றதும் உங்களில் சிலருக்கு அகழ்வாராய்ச்சி ஞாபகம் வரும். 2022-லிருந்து அங்கே மேட்டைத் தோண்டிச் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் எடுத்திருக்கிறார்கள். கடல் எங்கே, கரிசல் எங்கே! வைப்பாறு இங்கிருந்து இறங்கி மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. அந்த ஆற்றங்கரையில் அக்காலத்துப் பெண்கள் சங்கு வளையல் அணிந்து உலாவியிருக்கிறார்கள். அதே ஆற்றை மறித்துக் கட்டிய அணைதான் இன்று சிவகாசிக்குக் குடிநீர் கொடுக்கிறது.

அம்மாளின் வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கண்டாங்கிச் சேலை, காதில் பழைய தோடு. அரை ஏக்கர் குளம். கரையில் முருங்கையும் அகத்தியும். "வாங்க தாயி, வெயிலில்லாத நாளாப் பாத்து வந்திருக்கீகளே" என்று வரவேற்றார். அதில் ஒரு கவலை இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

அவருடைய கணவர் ஒரு வெடி ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனார், பிறகு வரவில்லை. கிடைத்த நஷ்ட ஈட்டில் மகளைக் கட்டிக் கொடுத்தார். மிச்சத்தில் இருந்த புஞ்சையில் குளம் வெட்டினார். மகனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார். "அந்தப் பய கையி மருந்துல படக் கூடாதுன்னுதான் இம்புட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அழவில்லை. மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னார்.

குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால், சும்மா வந்து சேர்ந்த ஜிலேபிக் கெண்டை. கட்லா மேல்தட்டு மீன், ரோகு நடுத்தட்டு, மிர்கால் அடித்தட்டு. மூன்று மாடி வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி, ஒன்றின் உணவில் இன்னொன்று கை வைப்பதில்லை. ஒரு காலத்தில் இந்தக் குஞ்சுகளை வெள்ளத்தின்போது ஆற்றில் வலை போட்டுப் பிடித்தால்தான் உண்டு. 1957-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி ஒரிஸாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அன்றிலிருந்துதான் ஆற்றைக் கண்ணால் காணாத ஊர்களுக்கும் குஞ்சு கிடைக்கலாயிற்று. அந்தத் தேதியைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அம்மாள் ஆடியில் 2,000 குஞ்சு விட்டிருந்தார். தீனி? விருதுநகர்க் கடலைப் புண்ணாக்கும் தவிடும்தான்.

"போன வருசம் கதையச் சொல்லட்டா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"தண்ணி பச்சையா இருந்தா மீனு நல்லா வளரும்னு சொன்னாக. நானும் சாணியக் கரைச்சு விட்டேன். பாசிப் பயறு அரைச்சு ஊத்தின மாதிரி ஆயிப் போச்சு. பகல்ல பாத்தா மீனு துள்ளுது. கார்த்திகையில நாலு நாளு மூட்டம். நாலாம் நாளு விடிய எந்திரிச்சு வந்தா, குளத்து மேல வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி கெடக்கு. கிட்ட வந்து பாத்தா எல்லாம் வயிறு. அரைக் கிலோ மீனு, ஆயிரத்து நூத்துச் சில்லறை. எண்ணிப் பாத்தேன். எண்ணாம இருந்திருக்கலாம்."

நடந்தது இதுதான். பச்சைப் பாசி பகலில் வெயிலை வைத்துக்கொண்டு பிராணவாயுவைத் தயாரிக்கிறது. சாயங்காலத்தில் குளத்தில் பிராணவாயு தேவைக்கு மேல்கூட இருக்கும். இரவு வந்ததும் அதே பாசி, மீனோடு போட்டி போட்டுக்கொண்டு சுவாசிக்கிறது. அடியில் கிடக்கும் சாணியும் மிஞ்சிய தீனியும் மக்குவதற்கும் பிராணவாயு செலவாகிறது. ஆகவே சேமிப்பு இரவெல்லாம் கரைந்து, விடிவதற்குச் சற்று முன்புதான் அடிமட்டத்துக்கு வருகிறது. பகலில் வெயில் இருந்தால் மறுபடி வரவு வைக்கலாம். நாலு நாள் வெயில் இல்லாவிட்டால் வரவே இல்லாத செலவு! மழைக்கு ஏங்கும் சீமையில் மேகத்தைக் கண்டு பயப்படுகிற இரண்டாவது ஜாதியை அன்றைக்குத்தான் கண்டேன். பட்டாசுக்காரர் ஒருவர், மீன்காரர் இன்னொருவர்.

கட்லாவும் பெரிய மீன்களும்தான் முதலில் போகும். ஜிலேபிக் கெண்டை லேசில் சாகாது. நீர் மட்டத்துக்கு வந்து, காற்று படும் மேல் தோலை வாயால் உறிஞ்சிப் பிழைத்துக்கொள்ளும். 1952-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவந்த மீன்; இன்று எந்தக் கண்மாயில் வலை வீசினாலும் முதலில் சிக்குவது அதுதான்.

அந்த நஷ்டத்துக்குப் பிறகு அம்மாள் செய்த முதல் காரியம், பழைய எவர்சில்வர்த் தட்டு ஒன்றை எடுத்து, கோலத்துக்குக் கோடு போட்டாற்போல் நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்ததுதான். நடுவில் கயிறு. குளத்தில் இறக்கி, தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார். ஒரு முழத்தில் மறைந்தால் பச்சை அளவாக இருக்கிறது. ஒரு சாணுக்குள் மறைந்தால் பாசி அதிகம். எரு கூடாது, தீனியைக் குறைக்க வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தது என்றால், மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் என்றார். செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-ல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து கடலில் இப்படித்தான் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தார். அவர் பெயரால்தான் இன்றும் உலகம் முழுவதும் இந்தத் தட்டை அழைக்கிறார்கள். சிவகாசிச் சீமையில் அது எவர்சில்வர்!

இரண்டாவது காரியம், மகன் செய்தது. குளத்தின் நடுவில் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டி ஒரு மிதவை. அதன் மேல் மூடி போட்ட சம்படம், சம்படத்தின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியத் தகடு, அடியில் தண்ணீருக்குள் தொங்கும் மூன்று உணரிகள். ஒன்று பிராணவாயுவை அளக்கிறது, ஒன்று சூட்டை, ஒன்று தண்ணீரின் காரத் தன்மையை. சம்படத்துக்குள் ஒரு சிம் கார்டு. கால் மணிக்கு ஒரு முறை அம்மாளின் செல்போனுக்கு மூன்று எண்கள் வந்துவிடும். பிராணவாயு மூன்றரைக்குக் கீழே போனால் போன் அலறும்.

"அப்போ இனிமேல் கவலையே இல்லை!" என்றார் எங்கள் புகைப்பட நிபுணர்.

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மிசினை நம்பிப் படுத்தா மீனு போயிரும் சார்" என்றார்.

உணரியின் முனையில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ஒரு வாரத்தில் அதன் மேல் பாசி படிந்துவிடும். பாசி படிந்தால் கருவி, குளத்தை விட்டுவிட்டுப் பாசியை அளந்து சொல்லும்! ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அம்மாள் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு குளத்துக்கு வந்து, பழைய நூல் சேலைக் கிழிசலை நனைத்துச் சவ்வை மெதுவாகத் துடைக்கிறார். துடைத்ததும் ஈரத்தோடு காற்றில் பிடித்துப் பார்க்க வேண்டும். "காத்துல பிடிச்சா நூறு காட்டணும். தொண்ணூறு காட்டுச்சுன்னா பொய் சொல்லுதுன்னு அர்த்தம். பயலைக் கூப்பிடுவேன்." பேராசிரியர் சொன்னது சரிதான்; அந்த அம்மாள் தண்ணீரில் படித்தவர்.

அமோனியாவுக்கு மட்டும் சொட்டு மருந்துப் பெட்டி வைத்திருக்கிறார். குழாயில் தண்ணீர், இரண்டு சொட்டு, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்ப்பது. மிஞ்சிய தீனியும் மீனின் கழிவும் அமோனியாவாகின்றன. தண்ணீரில் காரமும் சூடும் ஏற ஏற அது விஷமாகிறது. மத்தியான வேளையில்தான் அந்தக் காரம் உச்சத்தில் இருக்கும். ஆகவே அந்தப் பரீட்சை மத்தியானம், பிராணவாயுப் பரீட்சை விடியலுக்கு முன். பேராசிரியர் சொன்ன பெர்குளோரேட் சமாசாரத்தை மிதவை அறியாது. அதற்காக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வருஷம் ஒரு தடவை சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறான்.

இதெல்லாம் சின்னக் குளத்துச் சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 1990-களில் நம் கிழக்குக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது ஒருவர் வெளியே விட்ட கழிவு நீரை அடுத்தவர் உள்ளே இழுத்தார். நோயும் கூடவே போயிற்று. பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் உப்பாயின. சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2005-ல் தனிச் சட்டமும், சென்னையில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையமும் வந்தன. பண்ணையைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள இறால் பண்ணைகள் கழிவு நீரைச் சுத்தம் செய்யக் குளம் வைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். தண்ணீரை அளக்காமல் மீன் வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கொடுத்த கல்விக் கட்டணம் அது.

இரவு அம்மாள் எங்களை விடவில்லை. "இன்னைக்கு ராத்திரி இருந்து பாத்துட்டுப் போங்க" என்றார். மூன்றாம் நாள் மூட்டம். சாயங்காலம் பிராணவாயு ஐந்துதான் இருந்தது. வெயில் நாளில் அந்நேரத்துக்கு ஒன்பது பத்து இருக்குமாம். அன்று மீனுக்குத் தீனி கிடையாது. தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும் என்று அம்மாள் விளக்கினார். எங்களுக்கு மட்டும் சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன.

மணி 3-40. போன் அலறியது.

3.4. நான் எழுந்து உட்காருவதற்குள் அம்மாள் குளத்தங்கரையில் இருந்தார். பின்னாலேயே மகன். காற்றுச் சக்கரத்தின் விசையைப் போட்டான். ஒரு சுற்றுச் சுற்றியது, தூறல் வலுத்தது, மின்சாரம் போயிற்று. சுற்றிலும் கும்மிருட்டு.

"டீசல் இஞ்சினை இழுங்க!" என்று குரல் கொடுத்தார் அம்மாள். யாரைச் சொன்னார் என்று புரியாமல் எங்கள் புகைப்பட நிபுணர் ஓடினார். காமிராவைத் திண்ணையில் போட்டுவிட்டு, பையனோடு சேர்ந்து இஞ்சினின் கைப்பிடியைச் சுற்றினார். அது இருமியது, நின்றது. மறுபடி சுற்றினார். என் கையில் டார்ச்சும் செல்போனும். எண்ணைப் படித்துச் சொல்வது என் உத்தியோகம். 3.1 என்றேன். சற்றுக் கழித்து 2.8. டார்ச்சைத் தண்ணீரில் அடித்தேன். குளம் முழுவதும் வட்ட வட்டமாய் வாய்கள். சத்தம் இல்லாமல் திறந்து திறந்து மூடின. அம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு குடத்தால் மொண்டு தலைக்கு மேலே தூக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார். ஒரு குடத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. நானும் இன்னொரு குடத்தை எடுத்தேன்.

4-20-க்கு இஞ்சின் பிடித்தது. துளை போட்ட குழாய் வழியாகக் குளத்துத் தண்ணீரே பூவாளி போலச் சிதறிக் குளத்தில் விழுந்தது. சிதறிய துளி ஒவ்வொன்றும் காற்றைக் கூட்டிக்கொண்டு விழுகிறது. மீன்கள் அந்தப் பக்கமாய்த் திரண்டு போவது டார்ச்சு வெளிச்சத்தில் தெரிந்தது. ஆனால் நடுக்குளத்து எண் 2.5-ல் நின்றது. அரை மணி நேரம் அதே 2.5. அம்மாள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எம்புட்டு?" "எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2.7 என்று நான் சொன்னபோது மணி ஐந்தே கால். 3.0 ஆனபோது கிழக்கே லேசாக வெளுத்தது. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து ஈரச் சேலையைப் பிழிந்தார்.

வெளிச்சம் வந்ததும் கரையைச் சுற்றி நடந்து எண்ணினோம். ஏழு கட்லா.

"ஏழா? நல்லாப் பாருங்க" என்றார் அம்மாள். மறுபடி ஒரு சுற்று. ஏழுதான்.

ஏழையும் கழுவி, செதில் எடுத்து, புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றினார். மகன் குளித்துவிட்டுக் கல்லூரி பஸ்ஸுக்குக் கிளம்பினான். பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாளாம். வெயில் எட்டு மணிக்கு ஒரு கணம் எட்டிப் பார்த்தது. எண் 3.9. எங்கள் நிபுணர் கொப்புளம் போட்ட கையோடு மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டு, பரோட்டாவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நான் கேட்டேன், "ராத்திரி எத்தனை படம் எடுத்தீர்கள்?" என்று.

அவர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதனால்தான் இந்தக் கட்டுரைக்குப் புகைப்படம் இல்லை. பக்கத்தில் நீங்கள் பார்க்கும் குளமும் மிதவையும் நான் வாயால் சொல்லச் சொல்ல எங்கள் ஓவியர் போட்டவை. குடத்தை மட்டும் பித்தளையாகப் போட்டுவிட்டார். அது பிளாஸ்டிக் குடம், பச்சை நிறம்.